நாதோவும் பதினொரு வாழ்த்துரைகளும்

டோர்ட்மண்ட் நகரில் விஜயரத்தினம் ஓட்டும் பேருந்தை ஓடிவந்து பிடித்தவர் இதுவரை எவரும் இல்லை. நேரத்தோடு வந்து தரிப்பிடத்தில் நின்றவர்கள் ஏறினார்கள். ஓடிவந்தவர்கள் கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்துவிட்டு, அடுத்த பேருந்துக்காக இருபது நிமிடம் நின்றார்கள். தடி ஊன்றிய கிழவராக இருந்தாலும் சரி, பூங்கொத்தோடு ஓடிவந்த காதலனாக இருந்தாலும் சரி, நீதி ஒன்றுதான். பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, "ஃபார்ப்ளான் இஸ்ட் ஃபார்ப்ளான்" என்பார். நேர அட்டவணை என்றால் நேர அட்டவணை. இருபத்துநான்கு வருடமாக அவர் பிழையில்லாமல் பேசும் ஒரே ஜெர்மன் வசனம் அதுதான் என்று மகள் கம்சனா சொல்லுவாள்.

ஆனால் மனிதர் தன்னைப் பேருந்து ஓட்டுநர் என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது தொழிலைக் கேட்டால் "ஆய்வு" என்பார். உலகத்தில் உள்ள சொற்களெல்லாம் ஒரு காலத்தில் தமிழிலிருந்து புறப்பட்டுப் போனவை, போனவற்றைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவருவது தன் பிறவிக் கடமை என்பது அவர் முடிவு. காலையில் ஆட்களை ஏற்றி இறக்கினார். பின்னேரத்தில் சொற்களை ஏற்றி இறக்கினார். ஆட்களாவது தாங்கள் எங்கே இறங்கவேண்டும் என்று மணியை அடித்துச் சொன்னார்கள். சொற்களுக்கு அந்த வசதி இல்லை.

'நாதோ' அவரிடம் ஏறியது அப்படித்தான்.

தினமும் காலை ஆறு பன்னிரண்டுக்கு, ஒரு குறிப்பிட்ட தரிப்பிடத்தில், லுட்மிலா அந்திரேயெவ்னா என்ற ரஷ்ய அம்மாள் ஏறுவார். வயது எழுபத்துமூன்று. முழங்கால் நோவுக்கு நீச்சல் பயிற்சி என்று மருத்துவர் சொன்னதால் நீச்சல் குளத்துக்குப் போகிறவர். படியில் காலை வைக்கும்போது ஒரு பெருமூச்சு விட்டு "நாதோ" என்பார். ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்த விஜயரத்தினம் ஒருநாள், அதற்கு என்ன பொருள் என்று விசாரித்தார்.

"வேண்டும் என்று பொருள். விருப்பமில்லாவிட்டாலும் செய்தாக வேண்டும்" என்றார் அம்மாள் ஜெர்மனில்.

விஜயரத்தினத்துக்கு உடம்பு சிலிர்த்தது. வேண்டியதை மனிதன் நாடுகிறான். நாடு, நாடோ, நாதோ! அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் ஆய்வு முடிந்துவிட்டது. அதை எழுதத்தான் பதினான்கு மாதமும் நூற்றுப்பன்னிரண்டு பக்கமும் பிடித்தன.

நூல் என்றால் வெளியீடு. வெளியீடு என்றால் பட்டம். 'சொல்லாய்வுச் சிகரம்' என்ற பட்டத்தின் மேல் அவருக்கு ஏழு வருடமாகக் கண். அதை வழங்கும் அதிகாரம் தமிழ்ச் சொல்வளப் பேரவையின் தலைவர் சிறீதரனிடம் இருந்தது. சிறீதரன் காப்புறுதி முகவர். அந்த வட்டாரத்துத் தமிழருடைய உயிரும் காரும் பல்லும் அவரிடம் காப்புறுதி செய்யப்பட்டவை. ஆகவே அவருடைய பேச்சுக்குக் கைதட்டாத தமிழர் அங்கே இல்லை.

"விஜயண்ணை, பட்டம் தாறதில எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் சிறீதரன். "கேடயம் அடிக்கவும் குடுத்தாச்சு. ஆனா போனமுறை நீங்கள் சந்திப்பு நேரத்துக்குச் சொல்லுற டெர்மின் எண்ட ஜெர்மன் சொல்லு 'தருமின்' எண்டதில இருந்து வந்தது எண்டு மேடையில சொல்ல, பெடியள் அதைப் போனில போட்டு ஊரெல்லாம் சிரிச்சதுகள். இந்தமுறை ஒரு ரஷ்யாக்காரர் மேடையில ஏறிச் சொல்லோணும்."

"ரஷ்யாக்காரர் என்னத்துக்கு? நான் சொன்னாக் காணாதே?"

"நீங்கள் சொன்னபடியாத்தானே அண்ணை கேக்கிறன்."

விஜயரத்தினம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த ரஷ்யா முழுவதும் ஆறு பன்னிரண்டுக்கு ஏறும் ஓர் அம்மாள்தான்.

"இஞ்சருங்கோ" என்றார் மனைவி கலாதேவி, சோற்றைப் போட்டுக்கொண்டே. "அந்த மனுசிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே?"

"ஆய்வுரை செய்யிறவைக்கு வாசிக்கத் தெரியோணும் எண்டு எந்தச் சட்டத்தில கிடக்கு?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பேரவை அதுவரை பதினேழு நூல்களை வெளியிட்டிருந்தது. அவற்றில் ஒன்பதுக்கு விஜயரத்தினமே ஆய்வுரை நிகழ்த்தியிருந்தார். ஒன்றையாவது திறந்ததில்லை. திறந்தால் ஆய்வு கெட்டுவிடும். "இந்நூல் ஒரு காலப் பெட்டகம்" என்று தொடங்கி, நூலாசிரியரின் துணைவியாருக்கும் நன்றி சொல்லி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு உட்காருவதே முறை. இந்த முறை தெரியாதவர் எவரும் அதுவரை அந்த மேடையில் ஏறியதில்லை.

மறுநாள் ஆறு பன்னிரண்டுக்கு விஜயரத்தினம் விஷயத்தைச் சொன்னார். ஆய்வுரை என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று மகளிடம் கேட்டு வைத்திருந்தார். "ஐன் குட்டாக்டன், பிட்ட" என்றார். ஒரு மதிப்பீட்டு அறிக்கை, தயவுசெய்து.

லுட்மிலா அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கசகஸ்தானில், கரகண்டா என்ற சுரங்க நகரத்தில், இருபத்தாறு வருடம் ரஷ்ய மொழி ஆசிரியையாக இருந்தவர் அவர். ஜெர்மனிக்கு வந்தபிறகு பதினெட்டு வருடம் அலுவலகங்களின் தரையைத் துடைத்தார். அந்தப் பதினெட்டு வருடத்தில் அவரிடம் எவரும் எதைப் பற்றியும் அறிக்கை கேட்டதில்லை.

"வாசிக்காமல் எழுதமாட்டேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு என் வீட்டுக்குப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். நீங்கள் மொழிபெயருங்கள், நான் குறிப்பெடுக்கிறேன். நேரத்துக்கு வரவேண்டும்."

விஜயரத்தினம் நான்குக்கு ஒரு நிமிடம் இருக்கையில் போய் மணியை அடித்தார்.

சின்னச் சமையலறை. மேசையில் தேநீர், பழப்பாகு, அப்போதுதான் வெதுப்பிய இனிப்புப் பணிஸ் ரொட்டிகள், சிவப்புப் பேனை, கட்டமிட்ட கொப்பி. சிவப்புப் பேனையைக் கண்டதும் விஜயரத்தினம் கதிரையைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டார். இருந்தாலும் முதல் பக்கத்தைத் திறந்தார்.

"இந்தப் படத்தில் இருப்பவர் யார்?"

"தலைவர்."

"எந்த நாட்டுக்கு?"

"காப்புறுதிக்கு."

முதல் முப்பத்தொரு பக்கமும் வாழ்த்துரைகள். வான்முகில், வற்றாத ஊற்று, தமிழன்னையின் தவப்புதல்வன் என்று தமிழில் முழங்கிய அந்த முப்பத்தொரு பக்கமும், விஜயரத்தினத்தின் ஜெர்மனில் இறங்கியபோது இவ்வளவுதான் வந்தது: "எல்லோரும் நன்றி சொல்கிறார்கள்."

"யாருக்கு?"

"எனக்கு."

"எதற்கு?"

"புத்தகத்துக்கு."

"அவர்கள் வாசித்தார்களா?"

விஜயரத்தினம் பணிஸை எடுத்துக் கடித்தார்.

அடுத்த அறுபத்தைந்து பக்கம் தமிழின் தொன்மை. தமிழில் அதை அவர் எழுதும்போது கண்ணீர் வந்திருந்தது. ஜெர்மனில், "தமிழ் மிகவும் பழையது" என்றார்.

"எவ்வளவு?"

"மிகவும்."

அம்மாள் கொப்பியில் 'மிகவும்' என்று எழுதி அடிக்கோடிட்டார். நூற்றுப்பன்னிரண்டு பக்கத்துக்கு மூன்று வாரம் ஒதுக்கி வைத்திருந்தவர், இரண்டாம் செவ்வாயே தொண்ணூற்றேழாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். நாதோ அங்கேதான் இருந்தது. தொண்ணூற்றேழிலிருந்து நூறு வரை. அதற்குப் பிறகு பன்னிரண்டு பக்கம் குடும்பப் படங்கள்.

விஜயரத்தினம் எழுந்து நின்று விளக்கினார். தமிழன் நாடினான். ரஷ்யன் கேட்டான். கேட்டதை நாதோ என்றான்.

"இருவரும் எப்போது சந்தித்தார்கள்?"

"முன்னொரு காலத்தில்."

"எங்கே?"

விஜயரத்தினம் தொண்ணூற்றொன்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அங்கே இல்லை. "வழியில்" என்றார்.

லுட்மிலா அம்மாள் சிரிக்கவில்லை. கரகண்டாவில் இதைவிட மோசமான விடைகளைக் கேட்டிருப்பார் போலும். மேசையில் சிந்தியிருந்த மாவைக் கையால் பரப்பி, அதன்மேல் விரலால் இரண்டு சொற்களை எழுதினார்.

"பழைய ரஷ்யத்தில் இது 'நா தோபெ'. தோபா என்றால் நேரம். எந்த நேரமும் அல்ல. உரிய நேரம், பொருந்திய நேரம். நா தோபெ என்றால் 'அதன் நேரத்தில்'. ஒரு காரியம் அதன் நேரத்துக்கு வந்துவிட்டது என்றால் அதைச் செய்தாக வேண்டும். அதனால் தேவை என்ற பொருள் வந்தது. பிறகு அவசரக்காரர்கள் வால்பகுதியை விழுங்கிவிட்டார்கள். மிஞ்சியது நாதோ." அவர் பணிஸ் தட்டைத் தள்ளினார். "நல்லது என்பதற்கு நாங்கள் தோப்ரி என்கிறோம். வசதியானது என்பதற்கு உதோப்னி. எல்லாம் ஒரே குடும்பம். இந்தப் பணிஸுக்குப் பெயர் ஸ்தோபா. அதுவும் சொந்தக்காரர்தான். இவ்வளவு நேரமும் நீங்கள் தின்றது எங்கள் பக்கத்துச் சான்றை."

விஜயரத்தினம் தட்டைப் பார்த்தார். நான்கு சான்றுகள் போயிருந்தன.

"நேரமோ?" என்றார்.

"நேரம்தான். உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நேரம் வந்தால் கதவை மூடுகிறவர் நீங்கள். நீங்கள் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நாதோதான் சொல்கிறீர்கள், வேறு மொழியில்."

அவருக்கு ஒரு கணம் உள்ளே குளிர்ந்தது. தன் தொழிலைப் பற்றி எவரும் அவருக்கு அப்படிச் சொன்னதில்லை. "இன்னொன்றும் பாருங்கள்" என்று அம்மாள் தொடர்ந்தார். "நாங்கள் 'நான் வேண்டுகிறேன்' என்று சொல்வதில்லை. ம்னே நாதோ. 'எனக்கு, தேவை.' செய்பவன் தலைவன் இல்லை. தேவைதான் வந்து அவன்மேல் உட்காருகிறது."

"எங்கடையும் அப்பிடித்தான்!" விஜயரத்தினம் தன்னை மறந்து தமிழில் கத்திவிட்டார். பிறகு ஜெர்மனில் சொன்னார். "எனக்கு வேணும். நான் இல்லை. எனக்கு!"

"பார்த்தீர்களா! இது நல்ல கேள்வி. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் எப்படி ஒரே மாதிரி நினைக்கின்றன? இதைப் பற்றி எழுதியிருக்கலாமே."

எழுதியிருக்கலாம். ஆனால் உறவில்லாத மொழிகளுக்குப் பட்டம் கொடுப்பதற்குப் பேரவையில் வழியில்லை. விஜயரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இதை நீங்கள் மேடையிலும் சொல்லுவீர்களா?"

"பின்னே? எங்கள் பக்கத்தில் ஓர் ஆய்வை மதிப்பிட அழைக்கப்படுகிறவருக்குப் பெயரே 'ஒப்போனென்ட்'. எதிராளி. எதிராளி இல்லாத ஆய்வு ஆய்வே அல்ல."

விஜயரத்தினத்துக்கு இது புதிது. அவருடைய பக்கத்தில் எதிராளிகள் மேடையில் ஏறுவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

இனி அம்மாளை வரவேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. சுவரொட்டி அடித்தாகிவிட்டது. அதில் அவர் 'ரஷ்யப் பேராசிரியை' ஆகியிருந்தார். விஜயரத்தினம் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். மூன்றாம் நாள், பணிநேர அட்டவணையின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். இருபத்துநான்கு வருடம் நிமிடத்தை ஆண்ட மனிதர். நிமிடத்தைக் கொண்டு ஓர் அம்மாளை வெல்ல முடியாதா?

விழா மூன்று மணி என்று அறிவித்தாயிற்று. ஆகவே நாலரைக்குத் தொடங்கும். விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, முப்பத்தைந்து நிமிடம். மண்டபத்தை எட்டு மணிக்கு ஒப்படைக்கவேண்டும். வாழ்த்துரைக்கு ஏழுபேர் இருந்தார்கள். அதைப் பதினொன்றாக்கினார். ஆளுக்குப் பதினான்கு நிமிடம். ஏழு முப்பத்தொன்பது. முதற்பிரதி வழங்கல் பத்து நிமிடம். ஏழு நாற்பத்தொன்பதுக்கு அம்மாள். மூன்று நிமிடம்! வணக்கம் சொல்லிப் பொன்னாடையை வாங்குவதற்குள் முடிந்துவிடும். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பட்டம். ஏழு ஐம்பத்தாறுக்கு ஏற்புரை. எட்டு மணிக்கு நன்றி, வணக்கம்.

"பதினொரு பேரே?" என்றார் கலாதேவி. "சனம் கதிரையிலயே காய்ஞ்சு போகப்போகுது."

"அப்பா" என்றாள் கம்சனா. அம்மாளின் ஜெர்மனைத் தமிழில் சொல்லும் பொறுப்பு அவளுடையது. "அவ பிழை எண்டு சொன்னா நான் பிழை எண்டுதான் சொல்லுவன். பிறகு என்னோட கோவிக்கக்கூடாது."

"மூண்டு நிமிசத்தில எந்தப் பிழையும் வராது பிள்ளை."

மண்டபத்துச் சாவியின் பொறுப்பாளர் வேபர் என்பவர். பெயர் முழு ஜெர்மன். கோபம் வந்தால் ரஷ்யன். பன்னிரண்டு வயதில் கசகஸ்தானிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். ஒப்பந்தத்தில் 'இருபது மணி', அதாவது இரவு எட்டு, என்ற வரியைத் தடித்த விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, விஜயரத்தினத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கோ பார்த்திருக்கிறேன்."

விஜயரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். "இருக்கும். நான் ஆய்வாளர்" என்றார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. விழா நாலு முப்பத்தெட்டுக்குத் தொடங்கியது. எட்டு நிமிடத் தாமதம். பெரிதல்ல, சாலையில் பிடித்துவிடலாம் என்று பட்டுவேட்டியில் மேடையில் இருந்த விஜயரத்தினம் நினைத்தார். ஆனால் வாழ்த்துரைக்குப் பச்சை விளக்கு மட்டும்தான் உண்டு. முதலாமவர் இருபது நிமிடம் எடுத்தார். இரண்டாமவர், "நான் அதிகம் பேசப்போவதில்லை" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு ஏழு நிமிடம் பிடித்தது. தலைவர் சிறீதரன் கடல்கொண்ட கண்டத்தில் தொடங்கினார். அந்தக் கண்டம் மூழ்கவே கால்மணி நேரமாயிற்று.

விஜயரத்தினம் மேடையில் இருந்தபடி மனசுக்குள் தாமதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டல் மிஞ்சவே, துண்டுச்சீட்டு அனுப்பினார். துண்டுச்சீட்டைப் பார்த்து உட்கார்ந்த தமிழ்ப் பேச்சாளர் உலகில் இல்லை. சிறீதரன் அதை வாசித்து, "நேரம் போதாது என்று எனக்குச் சொல்லுகிறார்கள். தமிழைப் பற்றிப் பேச யுகம் போதாது!" என்றார். கைதட்டல். மூன்று வாழ்த்துரைகளை வெட்டினார் விஜயரத்தினம். வெட்டப்பட்ட மூவரும் கோபித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய் ரோல்ஸைத் தின்று பழிதீர்த்தார்கள். முதற்பிரதி வழங்கலையும் வெட்டினார். அப்படியும் லுட்மிலா அம்மாள் ஒலிவாங்கியைப் பிடித்தபோது மணி ஏழு ஐம்பது.

மூன்று மணியிலிருந்து முதல்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். மூன்று மணிக்கு வந்த ஒரே ஆளும் அவர்தான். கையில் இரண்டே தாள்.

"எனக்குச் சுருக்கமாகத்தான் பேச வரும்" என்று ஜெர்மனில் தொடங்கினார். கம்சனா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். "இந்த நூலை முழுதாக வாசித்தேன்." மண்டபம் ஆச்சரியத்தில் சலசலத்தது. அப்படி ஒரு வசனம் அந்த மேடையில் அதுவரை கேட்டதில்லை. "நாதோ என்ற சொல் தமிழிலிருந்து வந்தது என்கிறார் நூலாசிரியர். இந்த முடிவு பிழை."

கம்சனா தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தெளிவாக, இடைவெளி விட்டு, "இந்த முடிவு பிழை" என்றாள்.

மண்டபம் அதிரக் கைதட்டியது.

விஜயரத்தினத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்று மணிநேரமாகத் தட்டிப் பழகிய கைகள். பேச்சாளர் மூச்சு விட்டால் தட்டவேண்டும் என்பதே அவற்றுக்குத் தெரிந்தது. பின்வரிசையில் இருந்த இளம்பிள்ளைகள் மட்டும் ஜெர்மனைக் கேட்டு ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் பெரியவர்கள் மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாள் தொடர்ந்தார். நா தோபெ, உரிய நேரம், விழுங்கப்பட்ட வால், பணிஸ் வரைக்கும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். மண்டபத்தின் கடைசியில் சாவிக்கொத்தோடு நின்ற வேபர் மட்டும் தட்டவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நூலாசிரியர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல விஷயம், 'எனக்கு வேணும்' என்பது. அது நூலில் இல்லை. என் சமையலறையில் இருந்தது. இருபது வருடமாக இந்த நாட்டில் என்னிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அதற்கு நன்றி." தாளை மடித்தார். மணி ஏழு ஐம்பத்தாறு.

கம்சனாவின் குரல் கடைசி வசனத்தில் கொஞ்சம் தழுதழுத்தது. அதற்கு மட்டும் எவரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டது என்று தெரியாததால்.

சிறீதரன் விஜயரத்தினத்தின் காதருகே குனிந்தார். "அண்ணை, மனுசி பிழை எண்டெல்லே சொன்னவ?"

"ஓம்" என்றார் விஜயரத்தினம். பட்டம் போய்விட்டது என்று நினைத்தார்.

சிறீதரன் ஒரு நொடி யோசித்தார். கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்று. படப்பிடிப்பாளர் நிற்கிறார். பொன்னாடை கையில். "பறவாயில்லை. ரஷ்யாவில இருந்து ஆள் வந்து பிழை எண்டு சொல்லுற அளவுக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் இதுவரை போகேல்லை" என்றவர், ஒலிவாங்கியைப் பிடித்தார். "அன்பு உள்ளங்களே! அனைத்துலகக் கவனத்தை ஈர்த்த இந்த ஆய்வுக்கு..."

விஜயரத்தினத்துக்குக் கண் கலங்கியது. உண்மை வந்து நேருக்கு நேர் மோதியும் பட்டத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. அவர் எழுந்து நின்றார். சிறீதரன் 'அனைத்துலக' என்ற சொல்லை மேலும் இரண்டு நிமிடம் விரித்தார். பொன்னாடை விரிந்தது. கேடயம் மேசையிலிருந்து எழும்பவில்லை. வேபர் மேடைக்கு வந்துவிட்டார்.

"இருபது மணி" என்றார்.

"ஐந்து நிமிடம்" என்றார் விஜயரத்தினம் ஜெர்மனில். "தயவுசெய்து. ஒரே ஒரு பட்டம்."

வேபர் மறுபடி அவரை உற்றுப் பார்த்தார். இந்தமுறை முகம் தெளிந்தது.

"பெப்ரவரி மாதம்" என்றார் மெதுவாக. "காலை ஆறு பன்னிரண்டு. பனி. நான் ஓடிவந்தேன். என் கை உங்கள் கதவில் இருந்தது. ஐந்து செக்கன் என்று கேட்டேன். நீங்கள் ஜன்னலைத் திறந்தீர்கள்."

என்ன சொன்னேன் என்று கேட்கவேண்டிய தேவை விஜயரத்தினத்துக்கு இல்லை.

"ஃபார்ப்ளான் இஸ்ட் ஃபார்ப்ளான்" என்று வேபரே சொல்லி முடித்தார். பிறகு லுட்மிலா அம்மாளைப் பார்த்துத் தோளைக் குலுக்கி, ரஷ்ய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். "நாதோ."

"நாதோ" என்று அம்மாளும் ஒத்துக்கொண்டு கைப்பையை எடுத்தார். ஒரு நல்ல மாணவனைக் கண்ட முகம்.

விளக்குகள் அணைந்தன. ஒலிவாங்கி செத்தது. சிறீதரன் இருட்டிலும் இரண்டு வசனம் பேசினார். பழக்கதோஷம். ஜன்னலில்லாத அந்த மண்டபத்திலிருந்து சனம் தடவித் தடவி வெளியே வந்தபோது, ஜெர்மனியின் கோடை வழக்கப்படி எட்டு மணிக்கும் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. மூன்றரை மணிநேர வாழ்த்துக்குப் பிறகு வெயிலைக் கண்டதும் எல்லோருக்கும் கார் நினைவு வந்துவிட்டது.

"அடுத்த வருசம் பாப்பம் அண்ணை" என்றார் சிறீதரன். "ஒண்டு, சபையில குடுக்காத பட்டம் செல்லாது. யாப்பில கிடக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில் கலாதேவி கேட்டார்.

"அந்த மனுசனுக்குக் கதவை மூடினனீங்களே?"

"மூடினன்."

"ஏன்?"

"நேரம்."

"பிறகென்ன" என்றுவிட்டு அவர் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்பது விஜயரத்தினத்துக்குத் தெரியும். பின்னாலிருந்த கம்சனா அதைக்கூட மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு பதினொன்றுக்குப் பேருந்து அந்தத் தரிப்பிடத்தை நெருங்கியது. லுட்மிலா அம்மாள் நீச்சல் பையோடு நின்றார். பக்கத்தில் வேபர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. விஜயரத்தினம் கதவைத் திறந்தார்.

"ஓடிவரவில்லையா?" என்றார்.

"ஆறு நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கிறேன். உங்களை எனக்குத் தெரியும்" என்ற வேபர் பையைத் திறந்தார். உள்ளே, கண்ணாடியில் வடித்த மலைமுகடு. அடியில் பொன்னெழுத்தில் 'சொல்லாய்வுச் சிகரம்'. இருட்டில் மேசையில் விட்டுப்போனது. "தவறவிட்ட பொருள். இதில் கையெழுத்து வையுங்கள்."

விஜயரத்தினம் படிவத்தை வாங்கினார். நாள், மணி, மண்டபம், எல்லாம் துல்லியமாக நிரப்பியிருந்தது. 'பொருளின் விபரம்' என்ற கட்டத்தில், தமிழ் வாசிக்கத் தெரியாத வேபர் தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார்: 'கண்ணாடிச் சாமான். சிறியது.'

விஜயரத்தினம் அதை இரண்டு தடவை வாசித்தார். ஆட்சேபிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பயணி, போகப்போகிறோமா இல்லையா என்று கேட்டார். கடிகாரம் ஆறு பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"நாதோ" என்றார் லுட்மிலா அம்மாள், பேனையை நீட்டி.

சிவப்புப் பேனை. விஜயரத்தினம் கையெழுத்து வைத்து, படிவத்தைக் கொடுத்து, இருவரும் ஏறியதும் கதவை மூடினார். கேடயம் அவருடைய காலடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், வளைவுகளில் புரண்டு புரண்டு வந்தது.